விடுமுறை நாளில் உள்ளே இருந்தவர்கள்

மேஜைமேல் இருக்கும் போன் அடித்தால் அக்கா எழுந்து நின்றுவிடுவார். பேசி முடித்துக் கீழே வைக்கும்வரை உட்கார மாட்டார். பேசுவது மேனேஜராக இருந்தாலும் சரி, ராங் நம்பராக இருந்தாலும் சரி. எழுதும்போது கை வேர்த்து மை கலைந்துவிடும் என்று உள்ளங்கைக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்வார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் படிக்கட்டுப் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வருவார். கேட்டால், "ஏதாச்சும்னா இறங்கிரலாம்ல" என்பார். இடி இடித்தால் நாற்பது வயதுப் பெண் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிவதை அவரிடம்தான் பார்த்திருக்கிறேன்.

கந்தர்வக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு முந்திரி கம்பெனியில் அவர் டைம் ஆபீஸ் பார்த்தார். நான் அங்கே பருப்புக்குத் தோல் உரிக்கும் ஹாலில் ஐந்து வருடம் இருந்தேன். சேரும்போது எனக்கு முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் வருகைப் பதிவேடு, லீவு ரெஜிஸ்டர், சுவரில் ஒரு தினசரி காலண்டர், அதற்குக் கீழே அக்கா. உள்ளே போகிறவர்கள் அவரைக் கடந்துதான் போக வேண்டும். கையெழுத்துப் போட்டாலும் விடமாட்டார். முகத்தை நிமிர்ந்து பார்த்து, "ம், என் கண்ணுல பட்டுட்ட. போ" என்பார். நாங்கள் அவருக்குப் பின்னால் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரிப்போம். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

உண்மையில் பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. மேனேஜர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "வீட்டுல பிள்ளைங்க நல்லா இருக்குங்களா?" என்று கேட்பார். அப்படிக் கேட்டால் அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்காது. என்னிடம் கேட்டுவிடுவாரோ என்று அவர் நிழல் தெரிந்தாலே தலையைக் குனிந்து வேகவேகமாக உரிப்பேன்.

ஒரு தடவை என் மாமியாருக்குத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இன்னும் மூன்று வாரம் இருந்தது. கூட இருக்க ஆறு நாளாவது வேண்டும். மேனேஜரிடம் கேட்டதற்கு, "லீவா? அப்படி ஒண்ணு இங்க இல்லையேம்மா. வராட்டி வேற ஆளு வரும்" என்றார். அழுதுகொண்டே கேட்டைத் தாண்டினேன். அக்கா என்னைப் பார்த்தார். கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு லீவு ரெஜிஸ்டரைத் திறந்து என் பக்கத்தைத் தேடினார். உதடு மட்டும் அசைந்தது.

"இங்கிட்டு வா. ஒனக்குப் பன்னெண்டு நாளு இருக்கு."

"என்னக்கா பன்னெண்டு?"

"மெதுவாப் பேசு. ஒரு வருசத்துல இருநூத்து நாப்பது நாளு வேலை பாத்திருந்தா, இருபது நாளைக்கு ஒரு நாளு சம்பளத்தோட லீவு. அது சட்டம். பதினஞ்சு நாளைக்கு முன்னாடி எழுத்துல குடுக்கணும். இன்னைக்கே குடு. தேதி போட்டுக் குடு. நகல் ஒண்ணு வச்சுக்க." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாத செல்வராணி. ஒங் கால்ல விழுறேன்."

எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். யார் எழுதித் தந்தது என்று கேட்டார். வீட்டுக்காரர் என்று சொன்னேன். ஆறு நாள் கிடைத்தது. ஆனால் நான் திரும்பி வரும்வரை அக்காவுக்குக் காய்ச்சலாம். காய்ச்சலோடுதான் தினமும் வேலைக்கு வந்திருக்கிறார். எத்தனையோ பேருக்கு இப்படிக் காதோடு நாள் கணக்குச் சொன்னவர், தனக்கென்று ஒரு நாள் எடுத்து நாங்கள் பார்த்ததில்லை. இப்போது இருநூற்று நாற்பதை நூற்றெண்பது நாளாக மாற்றிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அதை அவர் இப்போது யார் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

விடுமுறை நாட்களில்தான் அவர் வேறு ஆளாக இருந்தார்.

நோட்டீஸ் போர்டில் வருடத்துக்கு ஒன்பது விடுமுறை என்று பட்டியல் ஒட்டியிருக்கும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அப்புறம் ஐந்து பண்டிகை நாள். பட்டியல் சுவரில் இருக்கும், நாங்கள் ஹாலில் இருப்போம். அன்றைக்கு யூனிபார்ம் போடக்கூடாது. சாப்பாட்டுக் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு, முன் கேட்டுக்குப் போகாமல் முந்திரிக்காடு வழியாகப் பின்பக்கம் வரவேண்டும். செல்போனை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்வார்கள். ஹாலின் ஷட்டர்களை இறக்கி வெளியே பூட்டிவிட்டு, வாட்ச்மேன் சாவியோடு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். புகை தெரியும் என்பதால் கொட்டை வறுக்கிற அடுப்பை மூட்டமாட்டார்கள். கரண்டில் ஓடுகிற ட்ரையர், பருப்பைக் காயவைக்கிற அந்தச் சூட்டு அறை மட்டும் ஓடும். ரோட்டில் போகிறவருக்குக் கம்பெனி லீவு. ரெஜிஸ்டரில் எங்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'வி' என்று விழும். அதை எழுதுவது அக்காதான்.

அந்த நாட்களில் அவர் தன் அறையில் இருக்கமாட்டார். முந்திரி ஓடு குவித்துக் கிடக்கும் பின்முற்றத்தைப் பார்த்து ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. அதன் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, அதை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அதையும் பூட்டத்தான் மேனேஜர் சொன்னாராம். "வேணாம் சார், நான் காவல் இருக்கேன், ஒருத்தியும் வெளிய போகாம பாத்துக்கிறேன்" என்று கெஞ்சி வாங்கியிருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. மேனேஜருக்கு வேவு பார்க்கத்தான் வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தோம். பாத்ரூம் போனால்கூட, "எங்க போற? யாரு கூட? எப்ப வருவ?" என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அன்று பதிவேட்டில் யாரும் வந்ததாக எழுதக்கூடாது அல்லவா? அதனால் காலையில் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொருவர் பெயரையும் இனிஷியலோடு பொடி எழுத்தில் எழுதுவார். அரைமணிக்கு ஒருமுறை ஹாலுக்கு வந்து எங்கள் தலைகளை எண்ணிவிட்டுப் போவார்.

"எதுக்குக்கா எண்ணுறீங்க? நாங்க என்ன ஆடா மாடா?" என்று சித்ரா ஒருமுறை கேட்டாள். எனக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து உரிப்பவள் சித்ரா.

"சும்மா இரு. எனக்கு எண்ணணும்" என்று மட்டும் சொன்னார்.

அது ஒரு காந்தி ஜெயந்தி. தீபாவளிக்கு ஸ்வீட் கடைக்காரர்களின் ஆர்டர் குவிந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில், பருப்பு அடைக்கும் டின்கள் எடுத்து வர என்னையும் சித்ராவையும் அனுப்பினார்கள். டின் ரூம் போக ட்ரையர் ரூமைத் தாண்ட வேண்டும். போகும்போதே பருப்பு கருகும் வாசனை வந்தது. முதலில் இனிப்பாகத்தான் இருந்தது. "யாரோ நேரத்தைக் கவனிக்காம விட்டுட்டாங்க" என்றாள் சித்ரா. நாங்கள் உள்ளே போய் டின்களை அடுக்கத் தொடங்கினோம். படார் என்று ஒரு சத்தம். விளக்கு போனது, மின்விசிறி நின்றது. ஜன்னல் இல்லாத அறை. கதவைத் திறந்தேன். வெளியே இருக்கவேண்டிய வராந்தா இல்லை. கறுப்பாக ஒன்று மட்டும் நின்றது. அது நேராக என் வாய்க்குள் வந்தது.

கதவைச் சாத்தினேன். கண் எரிந்தது. தொண்டையில் மிளகாயை அரைத்துத் தடவியது போல் இருந்தது. ஹாலில் பெண்கள் அலறுவது கேட்டது, ஓடுவது கேட்டது. பிறகு அந்தச் சத்தம் தூரமாகப் போனது. அதைவிடப் பயமான ஒன்றை நான் கேட்டதில்லை. எல்லாரும் போய்விட்டார்கள். நாங்கள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு நாங்கள் வேலைக்கே வரவில்லை. போன் டப்பாவில் கிடக்கிறது. வீட்டில் பிள்ளைகளிடம்கூட, யார் கேட்டாலும் அம்மா சந்தைக்குப் போயிருக்கு என்று சொல்லச் சொல்லியிருந்தேன். சித்ரா என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அவள் என்மேல் சரிந்தாள். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். இருமல்தான் வந்தது.

அப்போது என் பெயர் கேட்டது.

"பெ. செல்வராணீ! ம. சித்ரா!"

இனிஷியலோடு என்னைக் கூப்பிட்டவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யாரும் இல்லை. மறுபடியும் கேட்டது. "பெ. செல்வராணி! எங்க இருக்க? சத்தம் குடு!" குரல் உடைந்து, அழுது, நடுங்கிக்கொண்டு வந்தது. கையில் கிடைத்த டின்னை எடுத்துக் கதவில் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். கதவு திறந்தது. ஈரச் சேலைத் தலைப்பால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்த ஓர் உருவம் என் காலைப் பிடித்தது. "குனி. குனிஞ்சு வா. அவ காலை நீ புடி, கையை நான் புடிக்கிறேன்." வழியெல்லாம் அக்கா, "ஐயோ ஆத்தா, ஐயோ ஆத்தா" என்று சொல்லிக்கொண்டேதான் இழுத்தார். அவருடைய நடுக்கம் சித்ராவின் உடம்பு வழியாக என் கைக்கு வந்தது.

வெளியே நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். எல்லாரும் அந்த இரும்புக் கதவு வழியாகத்தான் ஓடி வந்திருக்கிறார்கள். அக்கா கதவில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணியிருக்கிறார். முப்பத்தொன்பதுதான் வந்தது. தாளில் நாற்பத்தொன்று இருந்தது. மேனேஜர் ஓடி வந்து, "எல்லாரும் வந்தாச்சு, கதவை மூடு, சத்தம் போடாதீங்க, ரோட்டுல கேக்கும்" என்றாராம். அக்கா தாளைப் பார்த்து, "ரெண்டு பேரு வரலை சார்" என்றாராம். "அவளுங்க வீட்டுக்கு ஓடியிருப்பாளுங்க" என்று கதவில் கை வைத்தவரைத் தள்ளிவிட்டு அக்கா உள்ளே போயிருக்கிறார். போகும்போது வாய்விட்டு அழுதுகொண்டே போனார் என்றார்கள்.

தீ ட்ரையர் ரூமோடு நின்றது. முற்றத்து ஓட்டுக் குவியலைப் பிடித்திருந்தால் காடே போயிருக்கும். சித்ராவை ஒரு காரில் ஏற்றிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் வீட்டில் அடுப்பு வெடித்ததாகச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் மேனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, வழக்கமான மெதுவான குரலில் சொன்னார். "நேத்து லீவு. யாரும் வரலை. வந்ததா யாராவது சொன்னா, பூட்டுன கம்பெனிக்குள்ள எதுக்கு நுழைஞ்சேன்னு போலீஸ் கேக்கும்." பிறகு அக்காவின் அறைக்குப் போனார். அந்தத் தாளைக் கேட்டார். அடுப்பில் போட்டுவிட்டதாக அக்கா சொல்லியிருக்கிறார். அவர் அக்காவையே பார்த்துவிட்டு, "மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களாமே?" என்று கேட்டாராம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது அக்காவிடம், "தாளை நெசமா எரிச்சுட்டீங்களா?" என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு இல்லை என்று தலையசைத்தார்.

"எதுக்குக்கா வம்பு? குடுத்துருங்க. எனக்கே பயமா இருக்கு."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுக்காரரு அன்னவாசப் பக்கம் கல்லு குவாரியில வேலை பாத்தாரு. ஒரு ஜனவரி இருபத்தாறு. கொடியேத்திட்டு வந்து வேலை பாருங்கன்னாங்க. பாறை சரிஞ்சிருச்சு. நான் ஓடிப் போயி நிக்கிறேன், 'இன்னைக்குக் குவாரி லீவும்மா, ஒன் புருசன் பள்ளத்துத் தண்ணியில குளிக்க வந்திருக்கான்'ங்கிறாங்க. ரெஜிஸ்டரைத் தூக்கிக் காட்டுனாங்க. அவரு பேருக்கு நேரா செவப்புல எழுதியிருந்துச்சு. கூட வேலை பாத்தவங்க அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவரு செத்ததுக்குச் சாட்சி இருக்கு. அவரு வேலைக்குப் போனதுக்குச் சாட்சி இல்ல." பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஏறியபடி, "அதே எழுத்த இங்க நானே எழுதுறேன் பாரு" என்றார்.

சித்ராவின் கணவர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். எங்களை ஹாலில் நிற்கவைத்து, மேனேஜரை வெளியே இருக்கச் சொன்னார். அவர் போனார். ஆனால் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், எங்கள் முகம் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டார்.

"ரெண்டாம் தேதி இங்க வேலை நடந்துச்சா?"

ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேனேஜர் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பீஸ், வீட்டு வாடகை, மாமியாரின் மருந்து, எல்லாம் என் நாக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. நான் தரையைப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. உயிரோடு இழுத்து வரப்பட்ட நானும் தரையைத்தான் பார்த்தேன்.

அதிகாரி ரெஜிஸ்டரை மூடப் போனார். அப்போது அக்கா, "மேடம்" என்றார். ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நான்காக மடித்த காலண்டர் தாளை எடுத்தார். அதிகாரியே எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார்.

"அந்த ரெஜிஸ்டர் பொய்யி மேடம். நான்தான் எழுதுனேன். எங் கையெழுத்துதான். இதுல இருக்கிறதுதான் நெசம்."

"பொய்யா எழுதுனதுக்கு உங்க மேலயும் நடவடிக்கை வரலாம். தெரியுமா?"

"தெரியும் மேடம். பயமாத்தான் இருக்கு."

அதிகாரி தாளைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். முதல் பெயருக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. அக்கா ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த முகத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து, பதினொன்று. யாரோ விசும்பினார்கள். ஆனால் பேசவில்லை. "பெ. செல்வராணி" என்று வந்தது. ஜன்னலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், பார்த்துவிட்டேன். மேனேஜர் லேசாகச் சிரித்தார்.

"இருந்தேன் மேடம்" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். "நானும் சித்ராவும் டின் ரூமுல மாட்டிக்கிட்டோம். இவங்கதான் இழுத்துட்டு வந்தாங்க."

எனக்குப் பிறகு ஐந்து பேர் ஆமாம் என்றார்கள். நாற்பத்தொன்றில் ஆறு பேர்தான். அது போதும் என்றார் அதிகாரி. கடைசியில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவிடம், "உங்க பேரு இதுல இல்லையே?" என்று கேட்டார். அக்கா விழித்தார். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. அதிகாரி பேனாவை எடுத்து, அவரிடம் பெயரும் இனிஷியலும் கேட்டு, தன் கையால் எழுதிக்கொண்டார்.

சித்ராவின் வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டியதாயிற்று. இருமல் அவளை விடவில்லை என்றாலும் பிழைத்துக்கொண்டாள். மேனேஜரை மாற்றினார்கள். விடுமுறையில் வேலை பார்த்ததற்கு ஈடாகத் தாளில் பெயர் இருந்த எல்லாருக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறை கொடுத்தார்கள், வாயைத் திறக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான். அக்காவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவர் செய்த அடுத்த காரியத்தை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. தன் கணக்கில் சேர்ந்து கிடந்த முப்பது நாள் லீவையும் மொத்தமாகக் கேட்டு எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாள் முன்னதாக, தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு.

எனக்குக் கிடைத்த அந்த ஈட்டு விடுமுறையன்று அவரைப் பார்க்க அவர் ஊருக்குப் போனேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். மகள் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தது. "அம்மா தூங்குது. வந்ததுலேருந்து தூங்கிக்கிட்டேதான் இருக்கு. எழுப்பவா?" என்றது. வேண்டாம் என்றேன். உள்ளே தரையில் பாய்கூட இல்லாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அரைமணி கழித்துத் திடுக்கிட்டு விழித்தார். "மணி என்ன?"

"மூணரைக்கா."

"ஐயையோ!" என்று பதறி எழுந்தார். கைப்பையைத் தேடினார், செருப்பைத் தேடினார், கூந்தலை அள்ளி முடிந்தார். வாசல்வரை போய்விட்டார். அங்கே நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"லீவுக்கா" என்றேன்.

அவர் முடிந்த கூந்தலை அவிழ்த்துவிட்டு, வந்து, எனக்குப் பக்கத்தில் படுத்து மறுபடியும் தூங்கிப் போனார்.